உப்புச் சுவரில் ஒரு மூச்சு

புயலுக்குப் பெயர் வைத்துப் பழகிய மனிதன், வெயிலுக்கும் பெயர் வைக்கத் தொடங்கிய காலம் அது. பெயர் வைத்துவிட்டால் மட்டும் வெயில் சொன்னபடி கேட்டுவிடுமா என்ன? மாசியிலேயே ஒன்று வரும், அதற்கு ஒரு பூவின் பெயர். சித்திரையில் இன்னொன்று வரும், அதற்கு ஏதோ ஒரு நதியின் பெயர். தூத்துக்குடிக்காரர்கள் இந்தப் பெயர்களையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர்கள் நினைவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். 'அந்தப் புழுக்கம்' என்பார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசியில் கடல்காற்று அடியோடு நின்றுபோனது. வெயில்கூடப் பரவாயில்லை, ஈரம்தான் கொன்றது. காற்றில் ஈரம் அளவு மீறினால் வியர்வை காயாது. வியர்வை காயாத உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துபோகும். அந்த நேரம் பார்த்து மின்சாரமும் போனது. உப்பளத்திலும் துறைமுகத்திலும் உழைக்கிறவர்களுக்காகக் கட்டிய கடலோரக் குடியிருப்பின் மூன்றாம் கட்டடத்தில், நாலாம் மாடி முழுவதும் ஒரே பகலில் செத்துப்போனது. அன்று பூட்டிய கட்டடத்தை இப்போதுதான் இடிக்கப் போகிறார்கள். அதே மனையில் புதுக்கட்டடம் எழும்பப் போகிறது.

அதற்கு முன்னால் மனையின் தட்பவெப்பத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுக்கிற பொறுப்பு பிலோமினாவுக்கு வந்தது. இதே ஊரில் பிறந்து, மதுரையில் கட்டடக்கலை படித்து, அங்கேயே ஓர் அலுவலகத்தில் இருப்பவள். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பெட்டியைச் சுவரில் ஒட்டவைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வாள். பார்க்கிறவர்களுக்கு, சுவருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறாளோ என்று தோன்றும்.

"என்னம்மா, சொவரு இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்டபடி தினமும் வாசலுக்கு வருகிறவர் லிங்கதுரை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் கட்டி இறக்கும் வேலை. தப்பிப் பிழைத்தவர்கள் சேர்ந்து வைத்திருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். ஐம்பது தாண்டிய மனிதர். கேலி பேசாமல் அவரால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. ஆனால் கட்டடத்துக்குள் கால் வைக்கமாட்டார். படிக்கட்டின் கீழ்ப்படியோடு அவர் நின்றுவிடுவதைப் பிலோமினா முதல் நாளே கவனித்திருந்தாள்.

"சுவர் நிறையச் சொல்லுது அண்ணாச்சி."

"அதெப்படிம்மா? நேத்து வச்ச சாவி எங்க கெடக்குன்னு எனக்கே ஞாபகமில்ல. சொவத்துக்கு எப்படி இருக்கும்?"

"உப்பு இருக்கே. இதைக் கட்டினவர் கடல் மணலைக் கழுவாமப் பூசியிருக்கார். உப்பு, காத்துல ஈரம் இருந்தா குடிக்கும், இல்லைன்னா கக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் படிவு விட்டுட்டுப் போகும். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். மிஷின் அந்த அடுக்கைப் படிக்குது. எந்த நாள்ல, எந்த வேளையில, எவ்வளவு சூடு, எவ்வளவு புழுக்கம், காத்து எந்தப் பக்கமிருந்து வந்துச்சு, எல்லாம் தெரியும்."

"அப்ப திருட்டு மணல் போட்ட காண்டிராக்டருக்கு ஒரு மாலை போடணும்லா!" என்று சிரித்தார். "முந்தியெல்லாம் என்னத்தப் பாத்துக் கட்டுனாங்க?"

"விமான நிலையத்துல வெப்பம் அளந்து வச்சிருப்பாங்க. பல வருஷத்துக் கணக்கை எடுத்து, ஜனவரியில ரொம்பச் சாதாரணமான ஜனவரி எது, மே மாசத்துல ரொம்பச் சாதாரணமான மே எதுன்னு பொறுக்குவோம். பன்னெண்டையும் ஒட்டவச்சு ஒரு வருஷம் ஆக்குவோம். அந்த வருஷத்துக்கு ஏத்த மாதிரி வீடு வரைவோம்."

"அப்ப ரொம்ப மோசமான மாசம்?"

"அது சாதாரணம் இல்லையே அண்ணாச்சி. அதனால உள்ள வராது."

லிங்கதுரையின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. "நல்லாருக்கும்மா ஒங்க படிப்பு. சாவுத மாசத்த மட்டும் தள்ளிவச்சிட்டு வீடு கட்டிருக்கீய."

பிலோமினாவுக்குச் சுருக்கென்றது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான். அது ஒரே அடுப்பில், ஒரே பானையில் வெந்த சோற்றுக்கு. ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கும் விமான நிலையத்துக்கும், உப்பளத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடுவில் நெருக்கிக் கட்டிய நாலு மாடிக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். எல்லோரும் செய்தால் அது தப்பாகத் தெரியாது.

"எம் பொஞ்சாதி வடகாசி மேலதான் இருந்தா," என்றார் லிங்கதுரை, தெருவைப் பார்த்துக்கொண்டு. "நாலாம் மாடி, மேக்கு மூலை. கால் ஒடிஞ்சு கட்டு போட்டுருந்துச்சு. கட்டில விட்டு எறங்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிருந்தாரு. அன்னைக்கு விடியக்காலமே புழுக்கம் தாங்கல. ஒடம்புல ஈரத்துண்டப் போத்திவிட்டுட்டு, ஐஸ் எடுத்துட்டு வாரேன்னு போனேன். கம்பெனில அடிதடி. ஒரு கட்டிய மொபெட்டுல வச்சுக் கட்டி எடுத்துட்டு வாரதுக்குள்ள மத்தியானம் ஆயிட்டு. மீட்புப் படைக்காரங்க படிய அடச்சு நின்னாங்க. மேல எல்லாம் முடிஞ்சு போச்சு, நீங்க ஏறாதீங்கன்னுட்டாங்க. கீழ் வீடுகள்ல பிள்ளைங்க மயங்கிக் கெடந்துச்சு. கட்டிய ஒடச்சு அதுகளுக்குக் குடுத்தேன். அத்தனையும் பொழச்சிட்டு. பொழுது சாய நானும் விழுந்துட்டேன். கண் முழிச்சப்ப ஆஸ்பத்திரில கெடக்கேன். அதுக்குள்ள எல்லாத்தையும் ஒண்ணாப் பொதச்சிருந்தாங்க. நான் மொகத்தப் பாக்கல."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"மத்தியானத்துக்கு முந்தியே போயிட்டான்னு சர்ட்டிபிகேட்டுல போட்டுருக்கு. நான் வாரதுக்கு முந்தியே. சொவரும் அதத்தானம்மா சொல்லும்?"

"இன்னும் நாலாம் மாடிக்குப் போகலை அண்ணாச்சி."

"பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார். "அது ஒண்ணு தெரிஞ்சிட்டா எனக்குப் போதும்."

மறுநாள் காலையிலேயே அவள் மேற்கு மூலை வீட்டுக்குப் போனாள். படுக்கையறைச் சுவரில், கட்டில் கிடந்த உயரத்தில் பெட்டியைப் பொருத்தினாள். சுவரை ஒட்டிப் படுத்து ஒரு மனிதன் மூச்சுவிட்டால், அந்த மூச்சின் ஈரம் பட்ட இடத்தில் மட்டும் அடுக்கு தடித்துப்போகும். வடகாசியின் மூச்சும் அங்கே இருந்தது. இரவெல்லாம் ஒரே சீராக, விடிந்ததும் கொஞ்சம் வேகமாக. வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக. மத்தியானத்துக்கு வெகுமுன்பே அது நின்றிருந்தது.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பிலோமினாவுக்கு நிம்மதியாக இருந்தது. உடனே கீழே ஓடிப்போய் அந்த மனிதரிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் வேலை முடியவில்லை, கூடத்துச் சுவர் பாக்கி இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்படுவது இப்படிப்பட்ட பாக்கி வேலையில்தான்.

கூடத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அதே மூச்சு இருந்தது. ஒரு முழம் தள்ளி மறுபடி இருந்தது. அதற்கப்பால் இன்னொரு முழம். அவள் மண்டியிட்டபடியே பெட்டியை நகர்த்திக்கொண்டு போனாள். ஒடிந்த காலை இழுத்துக்கொண்டு ஒருத்தி தரையில் ஊர்ந்து போயிருக்கிறாள். நடுவில் ஓரிடத்தில் வெகுநேரம் கிடந்திருக்கிறாள். மறுபடி நகர்ந்திருக்கிறாள். வாசல்வரை போய், மரக்கதவைத் திறந்து, வெளியே இருந்த இரும்புக் கம்பிக்கதவோடு தலையைச் சேர்த்துப் படுத்திருக்கிறாள். அங்கே மூச்சு நிற்கவில்லை. மத்தியானம் முழுக்க இருந்தது. சாயங்காலமும் இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் மெலிந்து மெலிந்து இல்லாமல் போயிருந்தது.

அந்த மாடியில் மற்ற எல்லோரும் காலையிலேயே போய்விட்டார்கள். இவள் மட்டும் எப்படி? பிலோமினா அதே இடத்தில், அதேபோலத் தலைவைத்துப் படுத்துப் பார்த்தாள். கன்னத்தில் மெல்லிதாகக் காற்று பட்டது. மாடிப்படிக் கூண்டு கீழிருந்து மேல்வரை வெறுமையாக இருந்ததால், சூடான காற்று அதன் வழியே மேலே ஏறி, கீழிருந்து கொஞ்சம் ஆறிய காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. நூல் அளவுக் காற்று. அதைப் பிடித்துக்கொண்டுதான் வடகாசி பகல் முழுவதும் உயிரோடு இருந்திருக்கிறாள். லிங்கதுரை ஐஸ் கட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, நாலு மாடிக்கு மேலே, அவருக்கு நேராகத் தலைவைத்துப் படுத்திருந்திருக்கிறாள்.

பிலோமினா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இருபது வருட வேலையில் ஒரு மனைக்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

மதுரையில் அலுவலகத்தை நடத்துகிற ராமசுப்பு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தி வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். பார்க்காமல் இருந்தால் பாதி குறையும் என்று நினைப்பாரோ என்னவோ.

"மீட்புப் படை ஏன் மேல ஏறலை சார்?" என்று கேட்டாள்.

"ஆளும் கம்மி, நேரமும் கம்மி. கட்டடத்தோட கணினிப் படம் அவங்க கையில இருந்துது. எந்த மாடி எத்தனை மணிக்கு என்ன சூடாகும், எதுவரைக்கும் உயிர் தாங்கும்னு அது சொல்லும். நாலாம் மாடி சிவப்பாயிடுச்சு. உயிரோட இருக்கிறவங்களை முதல்ல பார்ப்போம்னு கீழ இறங்கிட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாதும்மா. சர்ட்டிபிகேட்லயும் அந்தப் படம் சொன்ன நேரத்தைத்தான் போட்டாங்க."

"அந்தப் படத்துல வடகாசி கட்டில்லயே கிடந்தா."

"எல்லாரும் அப்படித்தானே கிடப்பாங்க. நம்ம கணக்குல மனுஷன்னா என்ன? நூறு வாட் பல்பு. ஒரு அறைக்கு ரெண்டு பேர்னா ரெண்டு பல்பு. அவ்வளவு சூடு வெளியிடும்னு போட்டுட்டுப் போறோம். பல்பு எழுந்து நடக்குமா?"

"தவழ்ந்திருக்கா சார்."

ராமசுப்பு மேசையிலிருந்த கண்ணாடியை இன்னும் தள்ளிவைத்தார். "விட்டுடும்மா அந்த ஒரு வீட்டை," என்றார். "அந்த மனுஷன் ஆறு வருஷமா எப்படியோ தேத்திக்கிட்டு இருக்கார். வெந்த புண்ணுல வேல் பாய்ச்சணுமா?"

விட்டுவிடலாம்தான். ஆனால் விட்டால் என்னவாகும் என்பது இருவருக்கும் தெரியும். புதுக்கட்டடத்தின் நடுவில் அடியிலிருந்து உச்சிவரை ஒரு காற்றுக்கூண்டு வைத்து, எல்லா வீட்டு வாசலும் அதைப் பார்த்துத் திறக்க வேண்டும் என்று அவள் வரைந்திருந்தாள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அது மூச்சுவிடும். கட்டுகிற வாரியம் ஒப்புக்கொள்ளவில்லை. மாடிக்கு ஒரு வீடு குறைகிறது, இதனால் உயிர் பிழைக்கும் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. அத்தாட்சி இப்போது கிடைத்துவிட்டது. அது வடகாசியின் மூச்சு.

வேறு எங்காவது ஒளித்துச் சொல்லவும் வழியில்லை. அந்தப் புழுக்கத்துக்குப் பிறகு, பிழைத்தவர்கள் போராடி ஒரு விதியை வாங்கியிருந்தார்கள். மனையைப் பற்றிய அறிக்கையை அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் முன்னால், எந்த வீடு, எந்த இடம் என்று சொல்லி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். அங்கே படிக்காத எதையும் வரைபடத்தில் பயன்படுத்தக் கூடாது. அந்த விதிக்காக முதலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தவர் லிங்கதுரை.

"கூட்டத்துல கேட்டு அவர் உடைஞ்சு போறதைவிட, நானே முன்கூட்டிச் சொல்லிடுறேன்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஐஸ் கம்பெனி வாசலில் ஒரு டீக்கடை. லிங்கதுரை பெஞ்சைத் துண்டால் தட்டி அவளை உட்கார வைத்தார். ஒரு டீயும் பருப்பு வடையும் சொன்னார். வடையில் பருப்பைத் தேடிக் கண்டுபிடித்தால் காசு வாபஸ் என்று கடைக்காரரைக் கிண்டல் செய்தார். அவளுக்குப் பின்னால் வேறு யாரோ நிற்பதுபோல, கண்ணை மட்டும் அவள் முகத்துக்குக் கொண்டுவரவே இல்லை.

"பாத்துட்டீயளா?" என்றார் கடைசியில்.

"பார்த்தேன் அண்ணாச்சி."

"மத்தியானத்துக்கு முந்திதான?"

வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. அப்போதுதான் அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் உண்மையைச் சொல்ல நெஞ்சில் ஈரமில்லாத ஒருத்தியால்தான் முடியும்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள். "காலையிலயே. கட்டில்லயே. தூக்கத்துல போயிருக்காங்க."

லிங்கதுரை கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். டீக்கடைக்காரர் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்தபோது, அது பத்து வயது குறைந்த முகமாக இருந்தது.

"அப்ப எனக்குக் கேட்டது அவ இல்ல," என்றார்.

"என்ன கேட்டுச்சு அண்ணாச்சி?"

"யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. அன்னைக்கு ஐஸ ஒடச்சுக் குடுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு மூணு நாலு மணி இருக்கும். மேலேருந்து ஒரு சத்தம். செம்ப வச்சு இரும்புக் கதவுல தட்டுத மாதிரி. டங்கு, டங்குன்னு. விட்டு விட்டுக் கேட்டுச்சு. மீட்புப் படைத் தம்பிகிட்ட, மேல ஆள் இருக்குப்பான்னேன். அவரு அந்தப் படத்தக் காமிச்சாரு. பாருங்க அண்ணாச்சி, எல்லாம் சிவப்பு, ஒரு உசுரும் இருக்க வழியில்ல, ஒங்களுக்கு வெயில்ல காது அடைக்குன்னாரு. படிச்சவரு. மிஷின் வச்சிருக்காரு. நானும் சரின்னு நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னு போச்சு. ஆனா ஆறு வருசமா அது நிக்கலம்மா. ராத்திரி படுத்தா, டங்கு, டங்கு. இன்னைக்குத்தான் விட்டுச்சு. நீங்க மகராசியா இருக்கணும்."

பிலோமினா மீதி டீயைக் குடிக்கவில்லை. பெட்டிக்குச் சத்தம் கேட்காது. உப்புக்கு ஈரம் மட்டும்தான் தெரியும். சுவர் சொல்லாமல் விட்ட ஒன்றையும் அவரே சொல்லிவிட்டார். இனி எந்த வாயால் அவரிடம் போய் மாற்றிச் சொல்வது?

கூட்டம் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கூட மண்டபத்தில், காலை வேளையில் நடந்தது. வாரியத்து அதிகாரிகள் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம். மேற்கு மூலை வீட்டை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டுத்தான் பிலோமினா வந்திருந்தாள். காற்றுக்கூண்டு போனால் போகட்டும், வேறு ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைவர் என்ற முறையில் லிங்கதுரை முதலில் பேசினார். வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாகக் கல்யாண வீட்டுக்காரர் போல வந்திருந்தார்.

"மேல் மாடின்னா எல்லாரும் பயப்படுதீய. எனக்குக் கீழ் வீடு, எனக்குக் கீழ் வீடுன்னு சண்டை. நானும் ஆறு வருசமா அந்தப் படியில கால் வைக்கல. இப்பச் சொல்லுதேன், எனக்கு அதே நாலாம் மாடி, அதே மேக்கு மூலை குடுங்க. பயம் விட்டுப்போச்சு. நம்ம இன்ஜினியரம்மா கட்டுத வீடு, என்னத்துக்குப் பயம்?" முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தம்பதியைக் காட்டினார். "ஜெபாவும் அவ மாப்பிள்ளையும் எங்கூட மேல வாரோம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. என்ன, ஜெபா?"

அந்தப் பெண் வெட்கத்தோடு சிரித்துத் தலையாட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிலோமினா எழுந்தாள். கீழ் மாடியிலிருந்து ஆரம்பித்துப் படித்தாள். காற்றின் திசை, சுவரின் சூடு, எந்த வீடு எப்போது தாங்க முடியாமல் போனது, எல்லாம். நாலாம் மாடியின் கடைசி வீட்டுக்கு முந்தைய வீடு வந்தது. அதோடு அறிக்கை முடிந்திருந்தது. நாலாம் மாடிக்குப் போகப்போகிற ஜெபாவின் குழந்தை நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது.

"இன்னும் ஒரு வீடு இருக்கு," என்றாள், தாளைக் கீழே வைத்துவிட்டு. "நாலாம் மாடி, மேற்கு மூலை. அங்க இருந்தவங்க காலையில சாகலை. கட்டில்லேருந்து இறங்கி, ஒடிஞ்ச காலோட தவழ்ந்து வாசலுக்கு வந்திருக்காங்க. படிக்கூண்டு வழியா வந்த காத்துல, விளக்கு வைக்கிற நேரம்வரைக்கும் உயிரோட இருந்திருக்காங்க. அந்தக் காத்தைத்தான் நான் இந்தக் கட்டடத்துக்குக் கேட்கிறேன்."

லிங்கதுரை மெதுவாக எழுந்தார்.

"இது மிஷின் சொல்லுதா, நீங்க சொல்லுதீயளா?"

"சுவர் சொல்லுது அண்ணாச்சி. அன்னைக்கு உங்ககிட்ட நான்தான் பொய் சொன்னேன்."

அவர் அப்படியே நின்றார். அவரைப் பிடித்து உட்கார வைக்கப் பக்கத்திலிருந்தவர் கையை நீட்டினார், அவர் கொடுக்கவில்லை. மேசைக்கு வந்தார். அறிக்கைக்குக் குடியிருப்போரின் சம்மதம் கேட்டு வைத்திருந்த தாளில், தலைவர் என்று போட்டிருந்த இடத்தில் முதல் கையெழுத்தைப் போட்டார். பிறகு பிலோமினாவைப் பார்க்காமல், யாரையுமே பார்க்காமல், வெயிலில் இறங்கி நடந்துபோனார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

காற்றுக்கூண்டோடு கட்டடம் எழும்பியது. மீட்புப் படைக்கும் புதிய உத்தரவு போனது: படம் என்ன நிறம் காட்டினாலும், கதவைத் தட்டிப் பார்க்காமல் எந்த மாடியையும் கைவிடக் கூடாது. பிலோமினாவைப் பாராட்டிப் பல ஊர்களில் பேச அழைத்தார்கள். அவள் எங்கும் போகவில்லை. லிங்கதுரை வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஓர் அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டாள். இரண்டு முறை அந்தத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தாள்.

மக்கள் குடி வந்த மறு வைகாசியில், கட்டடம் எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வந்தாள். மின்சாரம் போயிருந்தது. காற்றுக்கூண்டு வேலை செய்துகொண்டிருந்தது. நடைகளில் பெண்கள் பாய் விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டும் ஊர்க்கதை பேசிக்கொண்டும் இருந்தார்கள். மூன்றாம் மாடி தாண்டும்போது, மேலே கதவு தட்டுகிற சத்தமும் ஓர் ஆணின் குரலும் கேட்டன.

"உள்ள ஆளு இருக்கீயளா?"

"வெயில் கூடுன அன்னைக்கெல்லாம் அண்ணாச்சி வந்துருவாருக்கா," என்று நடையில் இருந்த ஜெபா சொன்னாள். "மேல் மாடில ஒவ்வொரு கதவாத் தட்டுவாரு. பதில் வந்தாத்தான் நகருவாரு. கீழ சூடு காட்டுத போர்டுல எல்லாம் பச்சையா இருக்கே அண்ணாச்சின்னு சொன்னாலும் கேக்கமாட்டாரு. மொதல்ல எங்களுக்கு எரிச்சலா இருந்துச்சு. இப்பப் பழகிட்டு."

பிலோமினா மேலே ஏறினாள். லிங்கதுரை வியர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மிகவும் மெலிந்திருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணாச்சி," என்றாள். அழுகை வந்துவிட்டது.

"அழாதீய," என்றார். "எம்மேல கோவமான்னு கேக்கத்தான வந்தீய? கோவமில்லம்மா. நீங்க எங்கிட்ட ரெண்டு விதமாச் சொன்னீய. பகல்ல, ரெண்டாவது சொன்னத நெனச்சுக்கிடுதேன். அதான் ஏறி வாரேன். ராத்திரி படுத்தா, மொதல்ல சொன்னத நெனச்சுக்கிடுதேன். கட்டில்லயே, தூக்கத்துலயே போயிட்டான்னு. அதச் சொல்லிக்கிட்டாத்தான் கண்ணு மூடுது."

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டும் வேண்டியிருக்கு," என்றார்.

பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே சத்தமில்லை. அவர் மறுபடியும் தட்டிவிட்டுக் காதைக் கதவோடு வைத்துக்கொண்டு நின்றார். "இருக்கோம் அண்ணாச்சி, குளிக்கேன்," என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது. அவர் அடுத்த கதவுக்குப் போனார்.